குதிகாலில் தொடங்கும் முதுகு வியாதி

சென்ற வாரம் திண்டிவனத்தில் விழுப்புரம் செல்லும் பாஸஞ்சர் ரயிலில் ஏறினோம். எதிர் ஆசனத்தில் ஒரு தகப்பனாரும், பன்னிரண்டு பிராயம் மதிக்கத்தக்க அவருடைய பையனும் இருந்தார்கள். பையன் குதிகாலைத் தரையில் ஊன்றாமலே நடந்தான். "பள்ளிக்கூடம் போகச் சோம்பல், ஸார்! ஆறு மாதமாய்க் கால் வலி, முழங்கால் வீக்கம் என்று சாக்குச் சொல்கிறான்" என்றார் தகப்பனார். பக்கத்தில் இருபத்தைந்து வயது வாலிபர் ஒருவர் இடம் இருந்தும் உட்காராமல் நின்றுகொண்டு வந்தார். உட்கார்ந்து எழுந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறதாம், நடமாடினால் தேவலையாம்.

இருவருக்கும் ஒரே வியாதியாக இருக்கலாம் என்று நாம் சொன்னபோது தகப்பனார் சிரித்தார். சிரிப்பது சகஜமே. குதிகால் எங்கே, முதுகெலும்பு எங்கே?

ஆங்கிலோஸிங் ஸ்பாண்டிலைடிஸ் என்று வைத்தியர்கள் கூறும் இந்த வாதம், தசைநார்கள் எலும்போடு ஒட்டுகிற இடங்களில் அழற்சியை உண்டாக்குகிறது. நாளடைவில் அங்கே புது எலும்பு வளர்ந்து, முதுகெலும்பின் கணுக்கள் ஒன்றோடொன்று இணைந்து மூங்கிலைப் போல் விறைத்துவிடுவதும் உண்டு.

வாலிபர்களுக்கு இது முதுகிலேயே ஆரம்பிக்கிறது. பின்னிரவில் வலி எழுப்பிவிடும். காலையில் அரை மணிக்கு மேல் முதுகு வளையாது. மூட்டை தூக்கிய சுளுக்கானால் படுத்தால் குறையும். இதுவோ படுத்தால் அதிகரிக்கும். பதினாறு வயதுக்கு முன் வருவது வேறு வழியில் நுழைகிறது. குதிகால், கணுக்கால், முழங்கால், இடுப்பு மூட்டு என்று கால்களைப் பற்றிக்கொள்கிறது. முதுகு வலி தலைகாட்டச் சில வருஷங்கள் ஆகலாம். அதற்குள் இடுப்பு மூட்டு தேய்ந்து போய்விடக்கூடும் என்பதுதான் நமது கவலை. பிற்காலத்தில் செயற்கை மூட்டு பொருத்திக்கொள்ள நேரிடுவது, பெரியவர்களானபின் வியாதி கண்டவர்களைவிட இவர்களிடையேதான் அதிகம்.

ரத்தப் பரிசோதனையில் 'வாத அம்சம்' இல்லை என்று வந்ததும் பெற்றோர் நிம்மதியடைகிறார்கள். இவ்வியாதியில் அது பெரும்பாலும் இல்லாமலேதான் இருக்கும்! எச்.எல்.ஏ.-பி27 என்ற பரம்பரைக் குறிக்கும் இதற்கும் உள்ள சம்பந்தம் 1973-ல் லண்டனிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் கண்டறியப்பட்டது. ஆனால் அக்குறி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு வியாதி வருவதே இல்லை. எக்ஸ்ரேயில் தெரியாத ஆரம்ப அழற்சி எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியலாம். கண் சிவந்து வலித்தால் அன்றே கண் வைத்தியரிடம் போகவேண்டும். அதுவும் இதன் சேஷ்டையாக இருக்கலாம்.

சிகிச்சையிலும் பேதம் உண்டு. ஸல்ஃபஸலஸீன், மெதோட்ரெக்ஸேட் மாத்திரைகள் கால் மூட்டுகளுக்கு உதவும், முதுகெலும்புக்கு உதவுவதில்லை. அழற்சியைத் தணிக்கும் வலி மருந்தும் தினசரித் தேகாப்பியாசமும் இருவருக்கும் அவசியம். அவை போதாதபோது டி.என்.எஃப். என்ற பொருளைத் தடுக்கும் ஊசி மருந்துகள் உண்டு. போடுமுன் க்ஷயரோகம் மறைந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். வாலிபர் சட்டைப் பையில் பீடிக் கட்டு தெரிந்தது. புகை இந்த வியாதியை வளர்க்கும் என்றோம், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இவ்விரண்டு ஊர்க்காரர்களுக்கும் வைத்தியம் தூரத்தில் இல்லை. முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசாங்க மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சுமார் நாற்பது கிலோமீட்டரில் புதுச்சேரி ஜிப்மரில் இத்தகைய வியாதிகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு.

இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் முண்டியம்பாக்கம் வந்துவிட்டது. தகப்பனார் பையனைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு அங்கேயே இறங்கினார். டிக்கெட் என்னவோ விழுப்புரத்துக்குத்தான் வாங்கியிருந்தார்.