கையொப்பமிடுவது ஒருவர், காய்ச்சலில் கிடப்பது ஒருவர்

அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத்தில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வரும் பெற்றோர், தட்டம்மை, இளம்பிள்ளைவாதம், கக்குவான் முதலிய வியாதிகளுக்குரிய தடுப்பூசிகள் போடப்பட்டிருப்பதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும் என்பது சட்டம். காட்ட மனமில்லாதவர்கள், மாநிலச் சுகாதாரத் துறை வகுத்திருக்கும் ஒரு பிரமாணப் பத்திரத்தில், தம் மனச்சாட்சி இதற்கு இடந்தரவில்லை என்று கூறி, நோட்டரி ஒருவர் முன்னிலையில் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டால், இரண்டு ஆண்டுகளுக்கு அந்தப் பிள்ளையிடம் யாதொரு அத்தாட்சியும் கேட்கலாகாது என்பதும் அதே சட்டந்தான். அந்த மனச்சாட்சி எதைக் கண்டு தயங்கிற்று, எவ்வளவு காலம் யோசித்தது, பக்கத்துப் பெஞ்சியில் உட்காரப்போகும் குழந்தையைப் பற்றி என்ன நினைத்தது என்பவற்றை விசாரிக்கும் அதிகாரம் தலைமையாசிரியருக்கும் இல்லை, வைத்தியருக்கும் இல்லை.

2003-ஆம் ஆண்டுக்கு முன்னர், வைத்தியக் காரணம் உள்ளவர்களுக்கும், தாம் சார்ந்த மதப் பிரிவின் கோட்பாட்டுக்கு ஊசி விரோதமானது என்று காட்டக்கூடியவர்களுக்கும் மட்டுமே அங்கே விலக்கு இருந்தது. அவ்வாண்டு, சுகாதார இலாகாக்களை மாற்றியமைப்பதற்காகக் கொண்டுவரப்பட்ட மிகப் பெரியதொரு மசோதாவின் நடுவே மனச்சாட்சி என்ற சொல்லும் இடம்பெற்றுச் சட்டமாயிற்று. தொடக்கத்தில் ஏறக்குறைய 2,300 மாணவர்களுக்கே இந்த விலக்கு இருந்தது. 2016-ஆம் ஆண்டு வாக்கில் அந்தத் தொகை 44,000-ஐக் கடந்துவிட்டது. ஒரு மாநிலத்து மக்களின் மனச்சாட்சி பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகளில் ஏறக்குறைய இருபது மடங்காக வளர்ந்தது என்று கொள்வதைவிட, 1998-இல் லண்டன் வைத்தியப் பத்திரிகையொன்றில் வெளியாகி, பொய்யென்று தெளிந்து 2010-இல் அந்தப் பத்திரிகையாலேயே திரும்பப் பெறப்பட்ட கட்டுரை விதைத்த அச்சமும், அதன் பின்னர்க் கணினி வழியே பெருகிய ஆயிரம் அச்சங்களும் சேர்ந்து மனச்சாட்சியின் பெயரைப் பூண்டுகொண்டன என்று கொள்வதே பொருத்தமாக எனக்குத் தோன்றுகிறது. தன் குழந்தைக்காக அஞ்சும் தாயின் அச்சம் பரிவோடு கேட்டுப் பதில் சொல்லப்பட வேண்டியது. அதை மனச்சாட்சி என்று எழுதிக்கொடுக்கச் செய்து அனுப்பிவிடுவது, அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலைச் சொல்லாமல் விடுவதே ஆகும்.

மனச்சாட்சி என்ற இந்தச் சொல் தடுப்பூசியோடு சேர்ந்த கதை பழையது. இங்கிலாந்தில் 1853-ஆம் ஆண்டுச் சட்டம், பெரியம்மை வராதிருக்கச் சிசுக்களுக்கு அம்மை குத்துவதைக் கட்டாயமாக்கிற்று. 1867, 1871-ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் அந்தக் கட்டாயத்தை மேலும் இறுக்கின. ஒரே குழந்தைக்காகத் திரும்பத் திரும்ப அபராதம் விதிக்கப்பட்டது. கட்ட இயலாத தொழிலாளியின் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்குப் போயின. சிலர் சிறைக்கும் போயினர். ஒரு குழந்தையின் கையிலிருந்து எடுத்த நீரை மற்றொரு குழந்தையின் கையில் குத்திய அந்நாளைய முறையில், வேறு நோய்கள் தொற்றும் அபாயம் மெய்யாகவே இருந்தது. ஆகையால், 1885-இல் லெஸ்டர் நகரத்துத் தெருக்களில் பல்லாயிரக்கணக்கான ஜனங்கள் திரண்டு ஊர்வலம் சென்றபோது, அவர்களை வெறும் மூடர் கூட்டம் என்று தள்ளிவிடுவது நியாயமன்று. 1889-இல் அமைந்த ராயல் கமிஷன் ஏழாண்டுகள் ஆராய்ந்த பிறகு, 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மனச்சாட்சி விதி பிறந்தது. மறுக்கும் பெற்றோர் மாஜிஸ்டிரேட்டுகள் முன் நின்று, தம் நம்பிக்கை உண்மையானதென்று அவர்கள் திருப்தி அடையும்படி சொல்ல வேண்டும். அவ்வளவு நிபந்தனை இருந்தும், அந்த ஆண்டு முடிவதற்குள் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட சான்றிதழ்கள் வழங்கப்பட்டுவிட்டன.

மனச்சாட்சியை முன்னிட்டு மறுப்பவர் என்று இங்கிலாந்தில் முதலில் பெயர் பெற்றவர்கள் இவர்களே. யுத்தத்தில் துப்பாக்கி ஏந்த மறுத்தவர்களுக்கு அந்தப் பெயர் பின்னால்தான், 1916-இல் கட்டாய ராணுவ சேவை வந்தபோதுதான், வழங்கலாயிற்று. பெயர் ஒன்றாயினும் இரண்டுக்கும் உள்ள பேதம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. யுத்தத்தை மறுத்தவன் தானே சிறைக்குப் போனான், தானே கல்லுடைத்தான், ஊராரின் இகழ்ச்சியைத் தானே தாங்கினான். மறுத்த உள்ளமும் துன்புற்ற உடலும் ஒருவனுடையவையாகவே இருந்தன. தடுப்பூசியை மறுப்பதிலோ, கையொப்பமிடுவது வயது வந்த ஒருவர். காய்ச்சலில் கிடப்பது, அந்தப் பத்திரத்தை எழுத்துக் கூட்டி வாசிக்கவும் அறியாத இன்னொருவர்.

காந்தியடிகளையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அம்மை குத்துவதை அவர் எதிர்த்தார் என்பது அவருடைய ஆரோக்கிய நூலைப் படித்தவர்களுக்குத் தெரியும். ஆனால் மறுப்பவர்கள் அதனால் வரும் தண்டனைகளையெல்லாம் ஏற்கும் துணிவுடையவர்களாக இருக்க வேண்டும் என்றும், அத்தகைய திடமும் தெளிவும் இல்லாதவர்கள் சர்க்கார் விதிக்குப் பணிவதே தக்கது என்றும் அதே நூலில் அவர் எழுதினார். தாம் சொன்ன தண்டனைகளுக்கு அஞ்சாதவர் அவர். எனினும், 1930-இன் தொடக்கத்தில் சபர்மதி ஆசிரமத்துக்குள் பெரியம்மை புகுந்தபோது மாண்டவர்கள் குழந்தைகள். அந்த மகானின் தூய்மையில் அணுவளவும் சந்தேகம் இல்லாத நான், இதை எழுதும்போது கை நடுங்கவே எழுதுகிறேன்: மனச்சாட்சி எவ்வளவு உயர்ந்ததாயினும், இந்த ஒரு விஷயத்தில் அதன் கடனைத் தீர்ப்பவர்கள் சிறுவர்களாகவே இருக்கிறார்கள்.

டெக்ஸஸின் மேற்கே, நியூ மெக்ஸிகோ எல்லையை ஒட்டி, கெய்ன்ஸ் என்றொரு ஜில்லா இருக்கிறது. அதன் தலைநகரான ஸெமினோலுக்கு 1977-இல் மெக்ஸிகோவிலிருந்து மெனோனைட் கிறிஸ்தவக் குடும்பங்கள் வந்து நிலம் வாங்கிக் குடியேறின. வறண்ட மண்ணில் பருத்தியும் நிலக்கடலையும் விளைவித்து வாழும் அவர்களுடைய சரித்திரம் முழுவதுமே மனச்சாட்சியின் சரித்திரந்தான். ருஷ்யாவில் ராணுவ சேவை தங்கள்மேல் சுமத்தப்படும் என்று கண்டு 1870-களில் கனடாவுக்குப் பெயர்ந்தார்கள். அங்கே தங்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளில் சேர்த்தாக வேண்டும் என்று மாகாண சர்க்கார்கள் விதித்தபோது, 1920-களில் விளைநிலங்களை விட்டுவிட்டு மெக்ஸிகோவுக்குப் போனார்கள். கொள்கைக்காக வீட்டையும் வயலையும் துறந்து நடந்த அந்த முன்னோர்கள் தம் மனச்சாட்சிக்குரிய கிரயத்தைத் தாமே செலுத்தினார்கள். அவர்களை நான் வணங்குகிறேன். அவர்களுடைய சமயக் கோட்பாடு எதுவும் தடுப்பூசியை விலக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சர்க்காரை விட்டு விலகி வாழ்ந்த நீண்ட பழக்கமும், அண்மைக் காலத்து அச்சங்களும் அங்கே ஒன்றுகூடின என்பதே உண்மை.

2025 ஜனவரி இறுதியில் அந்த ஜில்லாவில் தட்டம்மை தலைகாட்டிற்று. ஆகஸ்டு 18-ஆம் தேதி அது ஓய்ந்தது என்று மாநிலம் அறிவித்தபோது, டெக்ஸஸில் 762 பேர் நோயுற்றிருந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கெய்ன்ஸ் ஜில்லாவாசிகள். 99 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பள்ளிப் பிராயத்துக் குழந்தைகள் இருவர், ஊசி போடப்படாதவர்கள், இறந்துபோனார்கள். 2000-ஆம் ஆண்டிலேயே இந்த வியாதி நாட்டில் நிலைபெற்றுப் பரவுவது ஒழிந்தது என்று அறிவித்துவிட்ட அமெரிக்காவில், பத்து ஆண்டுகளாகத் தட்டம்மையால் ஒரு மரணமும் நேராதிருந்த பிறகு நேர்ந்தவை இவை.

இவ்விடத்தில் விகிதத்தைப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். மாநிலம் முழுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், 2023-24 பள்ளி ஆண்டில் டெக்ஸஸில் மழலையர் வகுப்பில் சேர்ந்த நூறு பிள்ளைகளில் 94 பேர் தட்டம்மைக்கு ஊசி போட்டிருந்தார்கள். பரவாயில்லை என்றே யாருக்கும் தோன்றும். கெய்ன்ஸ் ஜில்லாவிலோ அது 82-ஆக இருந்தது. அங்கே பள்ளி மாணவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 14 பேருக்கு மனச்சாட்சி விலக்கு இருந்தது; அதே ஜில்லாவின் லூப் என்ற சிற்றூர்ப் பள்ளி வட்டத்தில் விலக்குப் பெற்றவர்கள் கிட்டத்தட்டப் பாதிப் பேர். வீட்டிலேயே பாடம் படிக்கும் பிள்ளைகள் இந்தக் கணக்குகளில் வரவே மாட்டார்கள். தட்டம்மையின் கிருமி நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை காற்றில் தங்கியிருக்கும். காப்பில்லாத பத்துப் பேர் அந்தக் காற்றைச் சுவாசித்தால் ஒன்பது பேரைப் பற்றும். அத்தகைய வியாதியைத் தடுக்க நூற்றுக்கு 95 பேருக்காவது காப்பு வேண்டும் என்பது வைத்திய சாஸ்திரம் கண்ட கணக்கு. ஒத்த கருத்துடையவர்கள் ஓர் ஊரில், ஒரு கோயிலைச் சுற்றி, ஒரே பள்ளியில் கூடுவது இயற்கை. ஆகவே மாநிலத்தின் சராசரி, ஆற்றின் சராசரி ஆழத்தைச் சொல்லி இறங்கச் சொல்வதைப் போன்றது. ஏரிக்கரையில் உடைப்பெடுக்கும் இடம் எப்போதும் ஓரிடந்தான். வெள்ளம் அதன் வழியாகத்தான் ஊருக்குள் வருகிறது.

நம் நாட்டில் அம்மை கண்ட வீட்டின் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அந்த வீட்டார் பிறர் வீட்டுக்குப் போகமாட்டார்கள், பிறரும் உள்ளே வரமாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் விடும் நாள்வரை விசேஷங்களுக்கும் போவதில்லை. மாரியம்மனே வந்திருக்கிறாள் என்று நம்பிய அந்த ஜனங்கள் கிருமியை அறியார். ஆயினும் தம் நம்பிக்கையின் பாரம் அயலான் தலையில் விழக் கூடாது என்ற கடமையை அறிந்திருந்தார்கள். இன்றைய விலக்குப் பத்திரத்தில் அந்தக் கடமையின் சாயல் குறைந்துவிட்டதே என்பதுதான் என் ஏக்கம். நமக்கும் இது முற்றிலும் அந்நிய விஷயமன்று: 2017 பிப்ரவரியில் தமிழகப் பள்ளிகளில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி முகாம் தொடங்கியபோது, கைப்பேசிகளில் பறந்த வதந்திகளைக் கேட்டுப் பெற்றோர் பலர் தயங்கி நின்றதை நாம் பார்த்தோம்.

அப்படியானால் வைத்தியக் காரணம் இல்லாத விலக்கையே ஒழித்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கலிபோர்னியா 2015-இலும், நியூயார்க் 2019-இலும் அவ்வாறே செய்தன. கலிபோர்னியாவில் ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகளின் தொகை உயர்ந்தது என்பது மெய். சில வைத்தியர்கள் தாராளமாக வைத்தியச் சான்றிதழ் எழுதிக் கொடுக்கத் தொடங்கி, அதைத் தடுக்க 2019-இல் மற்றொரு சட்டம் தேவைப்பட்டது என்பதும் மெய். ஸெமினோலைப் போன்ற ஊரில் விலக்கை ஒழித்தால், பள்ளிக்கு வந்துகொண்டிருக்கும் குழந்தைகளும் வீட்டுக்குள் மறைவார்கள் என்றும், ஊசியோடு கல்வியும் போய்விடும் என்றும் நான் அஞ்சுகிறேன். பள்ளிக்கூடத்துக்காக ஒரு தேசத்தையே விட்டுப்போன சமூகத்தைக் கட்டாயத்தால் வெல்வது எளிதன்று.

வாஷிங்டன் மாநிலம் 2011-இல் வேறொன்று செய்து பார்த்தது. விலக்குக் கேட்கும் பெற்றோர், ஊசியின் நன்மைகளையும் அபாயங்களையும் பற்றி ஒரு வைத்தியரிடம் உரையாடியதற்கு அவருடைய கையொப்பத்தைப் பெற்றுவர வேண்டும் என்று விதித்தது, அவ்வளவே. விலக்கு விகிதம் ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துபோயிற்று. அந்த ஒரு பேச்சை எதிர்கொள்ளும் அளவுக்குக்கூட உறுதியில்லாத மறுப்புகள் எத்தனை இருந்தன என்பதை இதைவிடத் தெளிவாக எது காட்டும்? 2019-இல் அங்கே கிளார்க் ஜில்லாவில் தட்டம்மை பரவிய பின், அந்த ஊசிக்கு மட்டும் சொந்த நம்பிக்கை விலக்கை அம்மாநிலமும் எடுத்துவிட்டது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். உறுதியான மறுப்பாளர்களுக்கு வழி விடலாம். ஆனால் அந்த வழி வைத்தியரின் அறை வழியாகச் செல்ல வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும், ஊரில் நோய் கண்டால் காப்பில்லாத பிள்ளை வீட்டில் இருந்தாக வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

டெக்ஸஸ் எதிர்த் திசையில் நடக்கிறது. 2025 மார்ச் மாதத்தில், அம்மாநிலத்தின் லபக் நகரத்து மருத்துவமனை ஒன்றில் பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்குத் தட்டம்மை இருப்பது, பிள்ளை பெற்ற பிறகே தெரியவந்தது. ஒரு வயது நிரம்பும்வரை வழக்கமாக இந்த ஊசி போடப்படுவதில்லையாதலால், அதே வார்டில் பிறந்திருந்த சிசுக்களை நோயெதிர்ப்புப் புரதத்தை ஊசி மூலம் செலுத்திக் காக்க வேண்டியதாயிற்று. அப்படியிருந்தும், நோய் ஓய்ந்ததாக அறிவித்த பதினான்காம் நாள், 2025 செப்டம்பர் 1 முதல், விலக்குப் பத்திரத்தை எழுதிக் கேட்டுத் தபாலில் வரவழைக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே கணினியில் எடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம் என்ற புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு பள்ளி வட்டத்தின் ஊசி விகிதமும் சுகாதாரத் துறையிடம் ஏற்கெனவே இருக்கிறது. அப்படி அச்சாகும் தாளில், கையொப்பமிடும் கோட்டுக்கு நேர் மேலே, அந்தப் பிள்ளை படிக்கப்போகும் பள்ளி வட்டத்தில் இவ்வாண்டு நூற்றுக்கு எத்தனை பேர் காப்போடு இருக்கிறார்கள் என்ற எண்ணையும், அதற்குக் கீழே 95 என்ற எண்ணையும் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்பதே நான் முதலாவதாகக் கேட்பது.