வண்டி ஆடுகிறது, குற்றவாளி யார்?

புதுவைப் பெரிய மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் வந்து சேரும் சரக்கில் கணிசமான பங்கு இரண்டு சக்கரங்களின் மேல்தான் வருகிறது. குபேர் அங்காடி என்பது அரசாங்கப் பெயர். ஜனங்களின் வாயில் அது என்றைக்கும் பெரிய மார்க்கெட்தான். வாழை இலைக் கட்டு, பூக்கூடை, மீன் பெட்டி, வெங்காய மூட்டை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு மொபெட்டுகள் நேரு வீதி நெரிசலுக்குள் நுழைகின்றன. 1980-ல் டி.வி.எஸ். 50 வந்த நாள் முதல் தமிழ்நாட்டிலும் புதுவையிலும் சிறு வியாபாரிக்கு இந்த வண்டிதான் மாடு, இதுதான் கூலியாள்.

இத்தகைய வண்டி ஒரு நாள் ஆடத் தொடங்குகிறது. கைப்பிடி நடுங்குகிறது, வளைவில் பின்பக்கம் இழுக்கிறது. வண்டிக்காரர் பட்டறைக்கு ஓடுகிறார். “ஷாக் அப்சார்பர் போச்சு, மாத்திடுங்க” என்று தீர்ப்பையும் அவரே சொல்லிவிடுகிறார். மெக்கானிக்கும் மாற்றிக் கொடுத்துவிடுகிறார். பணம் போகிறது, ஆட்டம் போகவில்லை. விசாரணையே இல்லாமல் தண்டனை வழங்கும் இந்த வழக்கம் ஒழிய வேண்டும்.

ஆட்டம் இரண்டு வகை

எல்லா ஆட்டமும் ஒன்றல்ல. கைப்பிடியும் முன் சக்கரமும் மட்டும் படபடவென்று துடிப்பது ஒரு வகை. வண்டி முழுவதுமே பாம்பு நெளிவதுபோல் இடமும் வலமும் அசைவது இன்னொரு வகை. முன்னது விநாடிக்கு சுமார் 6 முதல் 10 தடவை நிகழும். பின்னது சுமார் 2 முதல் 4 தடவை. இந்த இரண்டையும் கணித முறையில் பிரித்துக் காட்டி, 1971-ல் இங்கிலாந்தில் ராபின் ஷார்ப் என்ற பொறியியல் அறிஞர் ஒரு கட்டுரை வெளியிட்டார். டயரின் குணத்தைக் கணக்கில் சேர்க்காமல் கைப்பிடித் துடிப்பை விளக்க முடியாது என்பது அதில் தெளிவாயிற்று. ஸ்பிரிங்கைச் சந்தேகிக்கும் முன் டயரைச் சந்தேகி என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

விசாரணை வரிசை

முதலில் காற்று. வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்பே அளவுமானி வைத்துப் பார்க்க வேண்டும். காற்று குறைந்தால் திருப்புவது கனக்கும், வண்டி நெளியும். மிகுந்தால் சிறு கல்லும் முதுகில் இடிக்கும். ‘ஸ்பிரிங் செத்துவிட்டது’ என்ற வீண் பழி அப்போதுதான் எழுகிறது.

அடுத்தது சக்கரம். தரையைத் தொடாதபடி தூக்கிச் சுற்றிவிட்டு, அருகில் ஒரு குச்சியை அசையாமல் பிடித்துப் பார்த்தால் ரிம்மின் கோணல் தெரிந்துவிடும். கம்பிகளை ஸ்பானரால் மெல்லத் தட்டினால் இறுகியது கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். பின் சக்கரம் முன் சக்கரத்தோடு ஒரே கோட்டில் நிற்கிறதா என்பதை ஒரு நூலை இழுத்துப் பிடித்தே அறியலாம். செயினை இறுக்கும்போது இரு பக்கத் திருகும் சமமாக நகராவிட்டால் இந்தக் கோணல் வரும்.

மூன்றாவது, கைப்பிடித் தண்டின் கோன் செட். முன் சக்கரத்தை உயர்த்தி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் ‘டக்’ என்று தட்டுகிறதா? தளர்ந்திருக்கிறது. மெதுவாகத் திருப்பும்போது நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் நிற்கிறதா? தேய்ந்து குழி விழுந்திருக்கிறது. இறுக்கிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். பின் சக்கரத்தையும் பக்கவாட்டில் இழுத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் சக்கர பேரிங்கோ, ஸ்விங் ஆர்ம் புஷ்ஷோ குற்றவாளி.

கடைசியில்தான் ஷாக் அப்சார்பர். அதில் ஸ்பிரிங் பாரத்தைத் தாங்குகிறது; உள்ளே இருக்கும் எண்ணெய் குதிப்பை அடக்குகிறது. பின்பக்கத்தை அழுத்திவிட்டால் எழுந்து சட்டென்று அடங்க வேண்டும். ஊஞ்சல்போல் ஆடிக்கொண்டே இருந்தால் அடக்கும் சக்தி போய்விட்டது. முன் ஃபோர்க் குழாயில் எண்ணெய் ஈரம் படிந்திருந்தால் சீல் கெட்டுவிட்டது என்று பொருள். அந்த எண்ணெய் பிரேக்கில் இறங்கினால் பெரிய அபாயம்.

பாரமும் ஒரு சாட்சி

எல்லாம் சரியாக இருந்தும் ஆடினால், மூட்டையை விசாரிக்க வேண்டும். டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 போன்ற மொபெட்டின் சுமை வரம்பு, ஓட்டுபவரையும் சேர்த்து 130 கிலோ. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 50 கிலோ மூட்டை இரண்டை ஏற்றினால் 160 கிலோ ஆகிவிடுகிறது. அதுவும் பின் அச்சுக்குப் பின்னால் தொங்கினால், ஏற்றத்தில் ஒரு முனை தாழ மறுமுனை எழுவதுபோல் முன் சக்கரத்தின் பிடிப்புக் குறைகிறது. கைப்பிடி நடுங்காமல் என்ன செய்யும்? பாரம் தாழ்வாகவும், கூடியவரை இரு சக்கரங்களுக்கு நடுவிலும் இருக்க வேண்டும். ஓடும்போது துடிப்பு வந்துவிட்டால் பிரேக்கை ஓங்கி அழுத்தக் கூடாது. கைப்பிடியை நிதானமாகப் பிடித்து, வேகத்தை மெல்லக் குறைப்பதே உயிர் காக்கும்.

யார்மீது குறை?

இவ்வளவு சோதனைக்கும் அதிகக் கருவி தேவையில்லை, நேரம்தான் தேவை. பின் ஏன் பட்டறைகளில் இது நடப்பதில்லை? மெக்கானிக்குகளுக்குத் தெரியாது என்பது பொருந்தாது. கைதேர்ந்தவர்களுக்கு இதெல்லாம் அத்துப்படி. ஆனால் அரை மணி நேரம் பார்த்துவிட்டு, “காற்றுதான் குறைவு, வேறொன்றுமில்லை” என்று சொல்லும் நேர்மையாளருக்கு வாடிக்கைக்காரர் என்ன தருகிறார்? ஒரு கும்பிடு! சாமான் மாற்றியவருக்குத்தான் பணம். டாக்டர் மருந்து எழுதாவிட்டாலும் பார்த்ததற்குக் கட்டணம் உண்டு; மெக்கானிக்கின் கண்ணுக்கும் காதுக்கும் மட்டும் விலை கிடையாது. இந்நிலையில், தேவையில்லாத சாமான் விற்பனையாவதில் வியப்பென்ன?

ஏழை வியாபாரி கூலியோடு சோதனைச் செலவும் கொடுக்க முடியுமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் வீணாக மாற்றிய ஒரு ஜோடி ஷாக் அப்சார்பரின் விலையில் பல முறை சோதனைக் கூலி கொடுத்துவிடலாம். அதோடு, உண்மையான குறை உள்ளேயே தங்கி, ஒரு நாள் நடு ரோட்டில் பஸ்ஸுக்கு முன்னால் வெளிப்படுமானால், அந்த நஷ்டத்தை யார் ஈடு செய்வது?

ஆகவே செய்ய வேண்டியது இரண்டு. பட்டறைக்காரர்கள் சோதனைக் கூலியை வெளிப்படையாக அறிவித்துக் கேட்கட்டும். கெட்டுப்போன சாமானைக் கையில் காட்டிய பிறகே புதியதை மாட்டட்டும். வண்டிக்காரர்கள் தீர்ப்போடு போகாமல், புகாரோடு மட்டும் போகட்டும்: எந்த வேகத்தில், எவ்வளவு பாரத்தில், எந்தப் பக்கம் ஆடுகிறது என்று. மூட்டையைத் தூக்கியவனுக்குக் கூலி கொடுக்கத் தயங்காத பெரிய மார்க்கெட், குறையைக் கண்டுபிடித்தவனுக்கும் கொடுக்கப் பழகிக்கொள்வது நல்லது.