எறிய மனமில்லாத குளிசைகள்

பரந்தனில் என் பெரியம்மா வீட்டில், சாமிப்படத் தட்டுக்குக் கீழே ஒரு பழைய பிஸ்கற் ரின் இருக்கிறது. அண்மையில் அதைத் திறந்து பார்த்தேன். பாதி முடிந்த அமொக்சிசிலின் அட்டைகள், எழுத்து அழிந்துபோன ஆஸ்பத்திரிக் காகிதப் பைகள், எப்போதோ காலாவதியான ஒரு பிள்ளைப் பாணி மருந்து. "இதுகளை எறியலாமே பெரியம்மா" என்றேன். "எறியிறதோ? மாத்தளனில ஒரு குளிசைக்குப் பட்ட பாடு உனக்கு மறந்து போச்சோ?" என்று ரின்னைப் பறித்து மூடிவிட்டார்.

மறக்கவில்லை. இறுதிப் போரில் வன்னிக்குள் மருந்தும், குறிப்பாகச் சத்திரசிகிச்சைப் பொருட்களும் செல்லவிடாமல் அரசு தடுத்தது என்பது நம்பத்தகுந்த குற்றச்சாட்டு என ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல் எழுதியது. காயம் அழுகிச் செத்தவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்த சனம் இது. 2022 பொருளாதார நெருக்கடியில் நாடு முழுவதும் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, ரின் வைத்திருந்தவர்கள் தாங்கள் செய்தது சரியென்றே நினைத்திருப்பார்கள். ஆகவே இதை 'அறியாமை' என்று சொல்லும் துண்டுப்பிரசுரங்களில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் அந்த ரின் பாதுகாப்பானதும் அல்ல. காய்ச்சல் விட்டதும் நிறுத்திய மிச்சக் குளிசை, அடுத்த தடிமனுக்குப் பேரப்பிள்ளைக்குப் போகிறது. தடிமன் வைரசால் வருவது. அன்ரிபயோட்டிக் அதற்கு வேலை செய்யாது. கப்சூலை உடைத்துப் புண்ணில் தூவுகிறோம், கோழிக்குச் சீக்கு வந்தால் தீனியில் கலக்கிறோம். அரைகுறையாக மருந்தைச் சந்தித்துத் தப்பிய கிருமிதான் பிறகு அதே மருந்துக்கு அடங்காமல் போகிறது. அப்படி அடங்காத கிருமிகளின் நேரடிக் காரணத்தால் 2019 இல் மட்டும் உலகில் சுமார் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக லான்செற் மருத்துவ இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது.

சரி, எறிவதென்றால் எங்கே? குப்பை வண்டி வராத ஒழுங்கைகளில் வளவு மூலையில் எரிக்கிறோம், அல்லது புதைக்கிறோம். அதே வளவில்தான் கிணறும் மலசலகூடமும். இந்தியாவின் ஹைதராபாத்துக்கு அருகே பட்டான்செருவில், மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரில் லீற்றருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோபுளொக்சசின் இருந்ததை 2007 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. எங்கள் வீட்டுக் குளிசை அந்த அளவுக்குக் கிட்டவும் வராது. ஆனாலும் நிலத்தில் விழுந்த மருந்து அங்கேயே செத்துப்போவதில்லை என்பதற்கு அது சாட்சி.

உலக சுகாதார நிறுவனம் 1999 இல் இதற்கு வழிகாட்டி வெளியிட்டதும் ஒரு போரின் பின்னர்தான். 1992-96 காலத்தில் பொஸ்னியாவில் நன்கொடையாக வந்து பயன்படாமல் குவிந்த மருந்து சுமார் 17,000 தொன். திறந்த வெளியில் எரிக்காதீர்கள், அன்ரிபயோட்டிக்கை அப்படியே கொட்டாதீர்கள், உயர் வெப்ப உலை இல்லையென்றால் பரலில் இட்டுச் சீமெந்துக் கலவையால் மூடிப் புதையுங்கள் என்றது அது. பரலும் சீமெந்தும் கிளிநொச்சியில் கிடைக்காத பொருட்களா?

பிரித்தானியாவிலும் பிரான்சிலும் உள்ள எங்கள் உறவுகள் மிச்ச மருந்தை மருந்தகத்திலேயே திருப்பிக் கொடுக்கலாம். கேரளம் 2025 இல் கோழிக்கோட்டில் அப்படியொரு சேகரிப்பைத் தொடங்கியது. இங்கே நான் கேட்ட ஒரு பாமசியில், விற்றதைத் திரும்ப எடுப்பதில்லை என்றார்கள். கிளினிக் நாளில் கொப்பியோடு வரிசையில் நிற்காத வீடு வன்னியில் குறைவு. அந்த வரிசைக்குப் பக்கத்தில் பூட்டிய பெட்டி ஒன்று வைத்தால் போதும். ஆஸ்பத்திரியின் சொந்தக் காலாவதி மருந்தைக் கழிக்கும் நடைமுறையோடு இதுவும் போகும். சுகாதாரத் திணைக்களத்திடமும் பிரதேச சபையிடமும் நாம் கேட்கவேண்டியது அதைத்தான்.

அதுவரைக்கும், குப்பை வண்டி வரும் இடமென்றால், குளிசையை அட்டையிலிருந்து எடுத்து, நசுக்காமல், ஊறிய தேயிலைச் சக்கையோடோ மண்ணோடோ கலந்து இறுகக் கட்டிக் கொடுங்கள். மலசலகூடத்தில் போடவேண்டாம். வண்டி வராத இடமென்றால், பிள்ளைகளுக்கு எட்டாமல் தனியாக வைத்து, அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுபோய் மருந்து கொடுக்குமிடத்தில் கேளுங்கள். பலர் கேட்டால்தான் பெட்டி வரும்.

பெரியம்மாவோடு நெடுநேரம் கதைத்தேன். காலாவதியானதை மட்டும் தந்தார். மிச்சத்தைப் பிறகு பார்ப்பம் என்றார். அந்தப் பாணிப் போத்தல் இன்னும் என் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் கிடக்கிறது.