நடிகையே முதலாளி ஆனார்!

"சித்தி" ராதிகாவின் கதை

2000-ம் ஆண்டு. இரவு 9.30 மணி.

வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவில் இருக்கிறது ஊரப்பாக்கம். சென்னையில் வேலை முடிந்து, மின்சார ரெயிலில் வந்து இறங்கியவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள். அடுப்படியில் சோறு தயார். ஆனால் பரிமாற ஆள் இல்லை!

"கொஞ்சம் இருங்க... சித்தி முடியட்டும்!"

ஊரப்பாக்கத்தில் மட்டும் அல்ல. தமிழ்நாடு முழுவதும் எத்தனையோ வீடுகளில் அன்று இதே நிலைதான்.

மாற்றாந்தாய்

மாற்றாந்தாய் என்றாலே கொடுமைக்காரி என்றுதான் கதைகள் சொல்லி வந்தன. நல்ல மனம் படைத்த ஒரு சித்தியைக் காட்டியது, சன் டி.வி.யில் 1999 முதல் 2001 வரை வந்த "சித்தி". அதில் சாரதாவாக நடித்தவர் ராதிகா. உடன் நடித்தவர் சிவகுமார்.

ராதிகா, நடிகவேள் எம்.ஆர்.ராதாவின் மகள். 1978-ல் பாரதிராஜாவின் "கிழக்கே போகும் ரயில்" படத்தில் அறிமுகம் ஆனார். படம் வந்தபோது அவருக்கு 16 வயது கூட நிறையவில்லை. தமிழிலும் தெலுங்கிலும் ஏராளமான படங்களில் கதாநாயகியாக நடித்தார்.

சினிமாவில் கதாநாயகனுக்கு 50 வயதானாலும் கதாநாயகன்தான். கதாநாயகிக்கு 30 வயது தாண்டினால் அக்காள் வேடம், அண்ணி வேடம்!

ராதிகா அதற்காகக் காத்திருக்கவில்லை. "ராடான்" என்ற சொந்தக் கம்பெனியைத் தொடங்கி, டெலிவிஷன் நாடகங்களைத் தயாரித்தார்.

லாபமும் நஷ்டமும்

இது எளிதான தொழில் அல்ல. அந்த நாளில், ஒளிபரப்பு நேரத்துக்கு டெலிவிஷன் நிலையத்தாரிடம் தயாரிப்பாளர் பணம் கட்ட வேண்டும். இடையில் வரும் விளம்பர நேரத்தை விற்று அந்தப் பணத்தை எடுக்க வேண்டும். மக்கள் பார்த்தால் லாபம். பார்க்காவிட்டால் நஷ்டம்!

மக்கள் பார்த்தார்கள். "அண்ணாமலை", "செல்வி", "அரசி", "செல்லமே" என்று வரிசையாக நாடகங்கள் வந்தன. 2013 முதல் 2018 வரை வந்த "வாணி ராணி"யில் அவருக்கு இரட்டை வேடம்.

அமெரிக்காவில்

அமெரிக்காவிலும் இப்படி ஒருவர் இருந்தார். பெயர், லூசில் பால். சினிமாவில் பல ஆண்டுகள் நடித்தும் முதல் வரிசைக்கு வர முடியவில்லை. 1951-ல் டெலிவிஷனில் "ஐ லவ் லூசி" தொடங்கியது. நாடே அவரைக் கொண்டாடியது. கணவருடன் சேர்ந்து நடத்திய ஸ்டூடியோவில், அவருடைய பங்கை 1962-ல் விலைக்கு வாங்கி, தானே தலைவி ஆனார்.

வித்தியாசம் எங்கே?

2020-ல் "சித்தி 2" தொடங்கியது. மார்ச் மாதம் கொரோனா வந்தது. ஷூட்டிங் நின்றது. நாள் கணக்கில் சம்பளம் வாங்கும் நடிகைகளுக்கும் தொழிலாளர்களுக்கும் வருமானமும் நின்றது.

அடுத்த ஆண்டு ராதிகா அந்த நாடகத்தை விட்டு விலகினார். ஆனால் நாடகம் 2022 வரை நடந்தது. தயாரித்தது அவருடைய கம்பெனிதான்!

சாதாரண நடிகையின் நிலை அப்படி அல்ல. கதையில் அவருடைய பாத்திரம் இறந்து போனால், மறுநாள் வேலை இல்லை. வித்தியாசம் நடிப்பில் அல்ல, உரிமையில் இருக்கிறது.

ஓட்டு வேறு

புகழ் எல்லாவற்றையும் தந்துவிடாது. 2024 பாராளுமன்றத் தேர்தலில், விருதுநகரில் பாரதீய ஜனதா வேட்பாளராக நின்ற ராதிகாவுக்கு 3-வது இடம்தான் கிடைத்தது. நாடகம் பார்த்தவர்கள் எல்லோரும் ஓட்டுப் போட்டுவிடவில்லை.

ஆனாலும் அவர் காட்டிய வழி பெரியது. சம்பளம் வாங்கும் கை, ஒருநாள் சம்பளம் கொடுக்கும் கையாகவும் மாறலாம். தையல் வேலை பார்க்கும் ஊரப்பாக்கத்துப் பெண்ணுக்கும் இது பொருந்தும். கூலிக்குத் தைப்பவர், சொந்தமாக ஒரு மெஷின் வாங்கும் நாளில் அவருடைய கதையும் மாறுகிறது!