வாடகை வீடும் வாக்காளர் பட்டியலும்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியுள்ள ஆந்திரத்தின் விஜயபுரம் மண்டலத்திலிருந்து ஓர் இளைஞர் வேலை கிடைத்துச் சென்னைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தொலைவு அதிகமில்லை, மொழியும் புதிதல்ல. நாடாளுமன்றம் 1959-இல் இயற்றிய எல்லை மாற்றச் சட்டத்தால், 1960 ஏப்ரல் 1 அன்று, சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சத்தியவேடு ஆந்திரத்துக்குப் போனது. வீடு மாறாமலேயே மாநிலம் மாறியவர்களைக் கண்ட வட்டாரம் அது. அன்று எவரும் முகவரிச் சான்று கேட்டு அவர்களது வாக்குரிமையை நிறுத்தி வைக்கவில்லை.

இன்று வீடு மாறுபவரின் நிலை வேறு. தரகுக் கூலி, முன்பணம், குடும்பஸ்தரா தனியாளா என்ற விசாரணை, சில இடங்களில் சாதி, சமயம், உணவுப் பழக்கம் பற்றிய கேள்விகள் எனப் பல படிகளைத் தாண்டியே புதியவருக்கு வீடு கிடைக்கிறது. இறுதியில் அவர் கைக்கு வருவது முத்திரைத்தாளில் எழுதிய பதினோரு மாத ஒப்பந்தம்.

அது ஏன் பதினோரு மாதம்? ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். ஒரு மாதத்தைக் குறைத்துவிட்டால் செலவும் இல்லை, சாட்சியும் இல்லை. வாடகை ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாக வேண்டும் என்று தமிழ்நாடு 2017-இல் சட்டம் இயற்றி, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்பதும் அச்சட்டத்தின் பொது விதி. மத்திய அமைச்சரவை 2021 ஜூன் மாதம் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டமோ, குடியிருப்புகளுக்கு இரண்டு மாதத்துடன் நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது. வீடு தேடி அலைந்த எவரும் இவற்றைப் படித்தால் சிரிக்கத்தான் செய்வர். வீட்டு உரிமையாளர்களின் அச்சத்தையும் முற்றாகத் தள்ளிவிட இயலாது. பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் காலி செய்யக் கோரிய வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டதை அவர்கள் மறக்கவில்லை.

இதன் சுமை வந்து விழுவது வாக்காளர் பட்டியலில். புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6, வாடகைதாரரிடம் கேட்பது பதிவு செய்யப்பட்ட வாடகைப் பத்திரத்தை. மின் கட்டண ரசீது வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது. ஆதாரில் சொந்த ஊர் முகவரி இருக்கிறது. ஆவணம் ஏதும் இல்லாதவர் விஷயத்தில் நேரடிக் கள ஆய்வு நடத்தலாம் என்ற வழி படிவத்திலேயே உண்டு. ஆனால் அது பலருக்குத் தெரிவதில்லை. ஒருவர் இரண்டு தொகுதிகளில் வாக்காளராக இருத்தல் கூடாது என்பதால், நகரி தொகுதிப் பட்டியலில் ‘இடம்பெயர்ந்தவர்’ என நீக்கப்படும் விஜயபுரத்துக்காரர், சென்னையில் சேராமலும் போனால் எங்கும் வாக்காளர் அல்லர்.

இது கற்பனைக் கவலை அன்று. தமிழ்நாட்டில் 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவுப் பட்டியல் டிசம்பர் 19 அன்று வெளியானபோது, 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் இல்லை. அவற்றில் 66 லட்சத்துக்கும் மேற்பட்டவை, முகவரியில் இல்லாதவர்கள் அல்லது குடிபெயர்ந்தவர்கள் என்ற கணக்கில் போயின. இறந்தோரையும் இரட்டைப் பதிவுகளையும் நீக்கியது முறையே. ஆனால் குடிபெயர்ந்தவர் உயிரோடு இருக்கிறார். எங்கோ ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார். அவரைப் பழைய முகவரியில் நீக்குவதில் காட்டிய வேகம், புதிய முகவரியில் தேடிச் சேர்ப்பதில் காட்டப்பட்டதா என்பதே கேள்வி.

சட்டம் இவ்வளவு கடுமையானதும் அல்ல. 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் கேட்பது ‘சாதாரணமாக வசிப்பவர்’ என்ற தகுதியை மட்டுமே. ஒரு வீட்டுக்கு உரிமையாளராக இருப்பதால் மட்டும் ஒருவர் அத்தொகுதியில் வசிப்பவர் ஆகிவிட மாட்டார் என்று அதன் 20-ஆவது பிரிவு தெளிவாகக் கூறுகிறது. சொத்து வேறு, வாக்கு வேறு என்பதே சட்டத்தின் நோக்கம். நடைமுறையிலோ, வாடகைதாரரின் வாக்கு வீட்டுக்காரரின் கையொப்பத்தில் தொங்குகிறது.

அதே 20-ஆவது பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது. நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் கடமை நிமித்தம் தொகுதியை விட்டுச் சென்றாலும், பதவிக்காலத்தில் அங்கு வசிப்பவர்களாகவே கருதப்படுவர். தில்லியில் அரசு வீடு, ஊரில் வாக்கு. இதில் தவறில்லை. பிழைப்புக்காக இடம்பெயரும் தொழிலாளிக்கு இந்தப் பெருந்தன்மையில் ஒரு பங்கேனும் வேண்டாமா? தற்காலிகமாக ஊரில் இல்லாதவர் குடியிருப்புத் தகுதியை இழப்பதில்லை என்ற விதி அவருக்கும் உண்டு. அதிகாரிகள் அதை நினைவில் கொள்வது அரிது.

பதிவு செய்யாத பதினோரு மாத ஒப்பந்தத்தையும், அதுவும் இல்லாத இடத்தில் அண்டை வீட்டார் முன்னிலையிலான கள ஆய்வையும் போதிய சான்றாகத் தேர்தல் ஆணையம் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும். குடிபெயர்ந்தவர் எனக் காரணம் காட்டி ஒரு பெயரை நீக்கும் முன், அவர் புதிய இடத்தில் சேர்ந்துவிட்டாரா என்று உறுதி செய்யும் பொறுப்பையும் ஆணையமே ஏற்க வேண்டும். இதை அவையில் எழுப்பத் தமிழக, ஆந்திர உறுப்பினர்களுக்குக் கட்சி வேறுபாடு தடையாக இருக்கத் தேவையில்லை. தொகுதி விட்டுத் தொகுதி மாறும் வாடகைதாரர்கள் இரு தரப்பிலும் இருக்கிறார்கள்.