அடம் இல்லீங்க, அதுதான் அவன் பேச்சு

1/ போன வாரம் ஓபியில ஒரு அம்மா ஏழு வயசுப் பையனைக் கூட்டிட்டு வந்தாங்க. ஆட்டிசம், பேச்சு வரலை. ரெண்டு நாளா தலையைச் சுவத்துல இடிச்சுக்கிறான். "தூங்குறதுக்கு ஏதாவது மருந்து எழுதிக் குடுங்க சார், என்னால முடியலை"ன்னாங்க. (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

2/ உண்மையைச் சொல்றேன், என் பேனாவும் முதல்ல தூக்க மருந்துப் பக்கம்தான் போச்சு. அப்புறம் காதைப் பார்த்தேன். செவிப்பறை சிவந்து வீங்கியிருந்தது. நடுக்காதுல தொற்று. பேசுற பையனா இருந்தா "காது வலிக்குதும்மா"ன்னு அழுதிருப்பான். இவன் தனக்குத் தெரிஞ்ச வழியில சொல்லியிருக்கான்.

3/ அதனால, குழந்தை திடீர்னு கடிச்சா, அடிச்சா, தலையை இடிச்சா முதல்ல உடம்பைப் பாருங்க. காது, பல், மலச்சிக்கல், தூக்கம். அதுல ஒண்ணும் இல்லைன்னா ஒரு நோட்டு போடுங்க: அதுக்கு முன்னாடி என்ன நடந்தது, பின்னாடி என்ன கிடைச்சது. ஒரு வாரத்துல காரணம் பிடிபட ஆரம்பிக்கும்.

4/ இது புதுசு இல்லை. 1985-லேயே கார், டியூராண்ட்னு ரெண்டு ஆய்வாளர்கள் காட்டினாங்க. பாடம் கஷ்டமானாலோ, யாரும் கவனிக்கலைன்னாலோதான் குழந்தைகள் அப்படி நடந்துக்கிட்டாங்க. உதவி கேட்கக் கத்துக்கொடுத்ததும் அது குறைஞ்சது. தண்டனையே தேவைப்படலை.

5/ அந்த அம்மா இன்னொண்ணும் சொன்னாங்க. மணி அடிச்சா காதைப் பொத்திக்கிட்டு வகுப்பை விட்டு ஓடுறானாம். பள்ளியில "வீட்லயே வெச்சுப் பாத்துக்கோங்க"ன்னுட்டாங்க. "ஹோம் ஸ்கூலிங் பண்ணலாமா சார்?"

6/ என் கருத்து: பண்ணலாம். சில குழந்தைகளுக்கு வீட்டோட அமைதிதான் கத்துக்கிற இடம். கல்வி உரிமைச் சட்டத்துல 2012 திருத்தமும் கடுமையான குறைபாடு உள்ள குழந்தைக்கு வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கொடுக்குது. கவனிங்க, *தேர்ந்தெடுக்கும்* உரிமை. பள்ளி வெளியே தள்ளிட்டு அதுக்கு ஹோம் ஸ்கூலிங்னு பேர் வைக்கக் கூடாது.

7/ 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதமோ அதுக்கு மேலயோ குறைபாடு உள்ள 6 முதல் 18 வயசுக் குழந்தைக்கு, பக்கத்துப் பள்ளியிலயோ விரும்புற சிறப்புப் பள்ளியிலயோ இலவசக் கல்வி உரிமை. சான்றிதழ் வாங்கி வெச்சுக்கோங்க. இன்னைக்கு வீடு, நாளைக்கு பள்ளின்னு மாறவும் தோணலாம்.

8/ வீட்ல ஆரம்பிச்சா 'அ, ஆ'வுக்கு முன்னாடி 'வேணும், வேண்டாம், போதும், வலிக்குது' கத்துக்கொடுங்க. பட அட்டை, சைகை, போன் எதுவானாலும் சரி. அட்டை காட்டிப் பழகினா பேச்சு வராதுங்கிறது வெறும் பயம். அன்னன்னைக்கு என்னென்ன வேலைன்னு படமா சுவத்துல ஒட்டுங்க. அடுத்து என்னன்னு தெரிஞ்சாலே பாதிப் பதற்றம் குறையும்.

9/ அப்பாக்களுக்கு ஒண்ணு: இது அம்மா ஒருத்தியோட வேலை இல்லை. தினமும் ஒரு மணி நேரமாவது நீங்க பாத்துக்கோங்க, அவங்க வெளியே போய்ட்டு வரட்டும்.

10/ நான் எம்பிபிஎஸ் மட்டும்தான், ஆட்டிச நிபுணர் இல்லை. பேச்சு, வளர்ச்சியில சந்தேகம்னா மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் போங்க. அரசு மையம், கட்டணம் இல்லை.

11/ மூணு நாள் கழிச்சுப் பையன் வந்தான். தலை இடிக்கிறது நின்னிருந்தது. அந்த அம்மா ஒரு காலண்டர் அட்டையை வெட்டி, காதும் பல்லும் வயிறும் வரைஞ்சு அவன் கழுத்துல மாட்டியிருந்தாங்க. "எங்கே வலி?"ன்னு கேட்டேன். அவன் அட்டையை எடுத்துக் காதைத் தொட்டுக் காட்டினான். இன்னும் கொஞ்சம் வலிக்குதாம்.