பெரியார் மண்ணும் மணப்பாட்டு மணலும்

தேர்தல் முடிவு வரும் நாளில் டி.வி.யைப் போட்டால் ஒரு வசனம் நிச்சயம் உண்டு. 'இது பெரியார் மண்!' ஜெயித்த கட்சிக்காரர் சொன்னால் மார்தட்டல். தோற்றவர் சொன்னால் புலம்பல். டெல்லியிலிருந்து வந்த கோட்டு சூட்டு நிபுணர் சொன்னால் அதற்குப் பேர் ஆய்வு. எதிரணி சும்மா இருக்குமா? 'இல்லை, இது ஆன்மிக பூமி' என்று அவர்கள் ஒரு போர்டு மாட்டுவார்கள். ஓட்டுப் போட்டவனிடம் இரண்டு தரப்பும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

நான் பி.காம். படித்தவன். எங்கள் அக்கவுண்டன்சி வாத்தியார் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று இன்னும் ஞாபகம் இருக்கிறது. குட்வில் என்கிற நற்பெயரைக் காசு கொடுத்து வாங்கியிருந்தால்தான் சொத்துக் கணக்கில் காட்டலாம். 'எனக்கு ஊரில் நல்ல பேர் இருக்கு' என்று நீங்களாக ஒரு தொகையை எழுதிக்கொள்ளக் கூடாது. தமிழ்நாட்டு அரசியல் பல வருஷமாக இந்தத் தப்புக் கணக்கைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறது.

சந்தேகமா? மணப்பாடு வரைக்கும் வாருங்கள்.

திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிற மணல் குன்று. மேலே திருச்சிலுவை ஆலயம். கீழே, 1542-ல் இந்தக் கரைக்கு வந்த சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. ஊருக்கே 'சின்ன ஜெருசலேம்' என்று ஒரு பட்டப்பெயர். கரையில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், "அண்ணாச்சி, ஓட்டு எதைப் பாத்துப் போடுவீங்க?" என்று கேட்டேன்.

"அதைத்தான் நீங்களே எழுதிருதியளே சார். கோயில்ல சாமியார் சொன்னா கடக்கரை பூரா அப்படியே குத்திருவான்னு. எங்ககிட்ட எதுக்குக் கேக்கிய?" என்றார். தலையை நிமிர்த்தவே இல்லை.

எனக்குச் சுருக்கென்றது. நானும் அப்படி எழுதியவன்தான்.

மணப்பாடு இப்போது இருப்பது திருச்செந்தூர் சட்டமன்றத் தொகுதியில். முருகன் கோயில், குலசை முத்தாரம்மன், காயல்பட்டினத்துப் பள்ளிவாசல்கள், மணப்பாட்டுச் சிலுவை எல்லாம் இந்த ஒரே தொகுதிக்குள் அடக்கம். இங்கே அனிதா ராதாகிருஷ்ணன் 2001-லும் 2006-லும் அ.தி.மு.க. வேட்பாளராக ஜெயித்தார். பிறகு தி.மு.க.வுக்குப் போனார். 2009 இடைத்தேர்தல், 2011, 2016, 2021 என்று நாலு தடவை அங்கிருந்தும் ஜெயித்தார். இரட்டை இலையிலும் அவரே, உதயசூரியனிலும் அவரே.

இன்னொரு வேடிக்கை பாருங்கள். 2006-ல் கோட்டையைப் பிடித்தது தி.மு.க. திருச்செந்தூர் ஜெயிக்க வைத்தது அ.தி.மு.க.வை. 2011-லும் 2016-லும் கோட்டை அ.தி.மு.க.வுக்கு. திருச்செந்தூர் தி.மு.க.வுக்கு. 'அலை அடித்தது' என்று பத்திரிகைகள் எழுதிய வருஷத்தில், நிஜமாகவே அலை அடிக்கிற தொகுதி அந்தப் பக்கம் சாயவில்லை!

இதைக் கொள்கை என்பீர்களா, மதம் என்பீர்களா? என்னைக் கேட்டால், ஆளைப் பார்த்துப் போட்ட ஓட்டு. அவசரத்துக்கு யார் வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று பார்த்துப் போட்ட ஓட்டு. அதில் கேவலம் ஒன்றும் இல்லை. அதற்கு 'மண்' என்று பெயர் வைப்பதுதான் கேவலம்.

சரி, ஒரு தொகுதியை வைத்து மாநிலத்தைச் சொல்லலாமா? மாநிலக் கணக்கையும் எடுங்கள். 2014 நாடாளுமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. வாங்கிய ஓட்டு சுமார் 44 சதவிகிதம். கிடைத்தது 39-ல் 37. 'அம்மாவின் கோட்டை' என்றோம். 2024-ல் தி.மு.க. அணி வாங்கியது சுமார் 47 சதவிகிதம். கிடைத்தது 39-க்கு 39. 'திராவிடக் கோட்டை' என்றோம். மாற்றிப் போட்ட பாதிக்கு மேற்பட்ட ஜனங்கள் எந்த மண்ணில் வாழ்கிறார்கள்? செவ்வாய் கிரகத்திலா?

பா.ஜ.க. கால் வைக்கவே முடியாத மாநிலம் என்பார்கள். 1998-ல் அ.தி.மு.க. தோளில் ஏறி மூன்று பேர், 1999-ல் தி.மு.க. தோளில் ஏறி நாலு பேர் அந்தக் கட்சியிலிருந்து இங்கே எம்.பி. ஆனார்கள். தோள் கொடுத்தவர்கள்தான் பிறகு மண்ணின் மகிமையைப் பாடினார்கள்.

பேருக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 69 சதவிகித இட ஒதுக்கீட்டுக்கு 1993-ல் சட்டம் போட்டது அ.தி.மு.க. ஆட்சி. அதை எதிர்த்து இங்கே எந்தப் பெரிய கட்சியும் ஓட்டுக் கேட்க முடியாது. அது நிஜமான சம்பாத்தியம். ஆனால் எல்லாரும் ஒத்துக்கொண்ட விஷயம் ஓட்டைத் தீர்மானிக்காது. எல்லாக் கடையிலும் ஒரே விலை என்றால் நீங்கள் வேறு எதையோ பார்த்துத்தானே கடைக்குள் நுழைகிறீர்கள்? அந்த 'வேறு எதையோ' என்ன என்று கேட்பதுதான் அரசியல். வேட்பாளர் பட்டியல் போடும்போது கட்சிகள் அதைத் தெருத் தெருவாக, சாதி சாதியாகக் கணக்கெடுக்கின்றன. மேடை ஏறினால் மட்டும் மண் பாட்டு.

'பேர்தானே, இருந்துவிட்டுப் போகட்டும்' என்கிறீர்களா? நஷ்டம் யாருக்கு என்று பாருங்கள்.

2024 பிப்ரவரி 28. மணப்பாட்டுக்குப் பக்கத்தில் குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்குப் பிரதமர் தூத்துக்குடியில் அடிக்கல் நாட்டினார். அந்த வாரம் தமிழ்நாடே எதைப் பேசியது? மாநில மீன்வளத் துறை அமைச்சராக இருந்த அனிதா ராதாகிருஷ்ணன் பெயரில் வந்த விளம்பரத்தில் ராக்கெட்டில் சீனக் கொடி இருந்ததை! 'தேசத் துரோகம்' என்றது ஒரு தரப்பு. 'டிசைன் செய்தவர் தவறு' என்றது மறு தரப்பு. ராக்கெட் கிளம்பும் நாளில் கடலில் ஒரு பகுதியை மூடுவார்கள். அந்த நாட்களில் மீன்பிடிக்கிறவன் எங்கே போவான், கூலி யார் தருவார்கள்? கொடிச் சண்டையில் இந்தக் கேள்வி முங்கிப்போனது. தேச மண்ணா திராவிட மண்ணா என்று அடித்துக்கொண்டவர்களுக்கு மணப்பாட்டு மணல் கண்ணில் படவில்லை.

இதுதான் நஷ்டம். உன் ஓட்டு எங்கே போகும் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டால், உன்னை வந்து கேட்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. கேட்க வராதவன் பதில் சொல்லவும் வர மாட்டான்.

அதனால் அடுத்த தேர்தலில் யாராவது மைக்கைப் பிடித்து 'இது பெரியார் மண்' என்றாலும் சரி, 'ஆன்மிக பூமி' என்றாலும் சரி, எங்கள் அக்கவுண்டன்சி வாத்தியார் கேட்கிற கேள்வியைக் கேளுங்கள்:

"வவுச்சர் இருக்கா சார்?"